ரோகிணி நட்சத்திரம், வடிவுடையாள் சன்னிதி

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வருவது எப்போதாவதுதான். அந்த நாளில் காலையில் மீஞ்சூர் பக்கத்து மேலூர் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூவரையும் தரிசிக்க வைப்பதாக என் மாமியார் பேத்திக்காக வேண்டிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செய்த வேண்டுதல். வேண்டிக்கொண்டது அத்தை, லீவு போட வேண்டியது நான். பஞ்சாங்கத்தில் நாள் சிக்கியதும் மகளின் பள்ளிக்கும் ஒரு லீவு லெட்டர் கொடுத்துவிட்டோம்.

கார் வேண்டாம், மின்சார ரயிலில் மீஞ்சூர் போய்விடலாம் என்றேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டினால் மேலூரிலேயே மத்தியானம் ஆகிவிடும். ரயிலில் இன்னொரு லாபமும் உண்டு. ஜன்னல் ஓர சீட் கிடைத்துவிட்டால் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அதுதான் வகுப்பறை.

எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலம் வந்தது.

“அப்பா, இது ஆறா, கடலா?”

“ஆறுதான். ஆனா கடல் பக்கத்துலயே இருக்கு. அலை ஏறும்போது உப்புத்தண்ணி உள்ளே வரும், இறங்கும்போது திரும்பிப் போயிடும்.”

“அப்போ மீனுக்குக் குழப்பமா இருக்காதா?”

எதிர் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா சிரித்துவிட்டு, “எங்களுக்குத்தான் கண்ணு குழப்பம், அதுங்களுக்கு எல்லாம் தெரியும்” என்றார். அப்புறம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். காமராஜர் துறைமுகத்தில் கப்பலில் நிலக்கரி வந்து இறங்குகிறது, அதை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள், அந்த ஆவி போய் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது, அதிலிருந்துதான் நம் வீட்டு ஃபேனுக்குக் கரண்ட் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். இட்லிப் பானை மூடியை ஆவி தூக்குவதைப் பார்த்திருக்கிறாள், அதனால் சட்டென்று பிடித்துக்கொண்டாள். “எல்லாத்தையும் சேர்த்துச் சுத்துறவ ஒருத்தி இருக்கா, அவளைத்தான் இப்போ பார்க்கப் போறோம்” என்று அத்தை முடித்து வைத்தார். இரண்டு பதில்களையும் அவள் ஏற்றுக்கொண்டாள். குழந்தைகளுக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை.

மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள் பௌர்ணமி ரேட் சொன்னார்கள். பேரம் பேசிப் பார்த்தேன். நேரம்தான் போனது. மேலூரில் திவ்யமான தரிசனம். காலை வேளை, தள்ளுமுள்ளு இல்லை, திருவுடையாள் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திருவொற்றியூரில்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்திருந்தது. தேரடியிலிருந்தே கூட்டம். தாமரையும் எலுமிச்சை மாலையும் கையில் திணித்துவிட்டு அப்புறம் விலை சொல்கிறவர்கள், “சார், நேரா உள்ளே கூட்டிட்டுப் போறேன், பெரியவங்க நிக்க முடியாதே” என்று காதருகே வந்து பேசுகிற ஆள். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும், “வேண்டிக்கிட்டவ நான், வரிசையில நிக்கத் தெரியும்” என்று அந்த ஆளை ஒரே பார்வையில் அனுப்பிவிட்டார்.

வரிசையில் சேர்வதற்கு முன்னால் ஆதிபுரீஸ்வரரைப் பார்த்துவிட்டுப் பிராகாரம் சுற்றினோம். வெயிலில் கருங்கல் கொதித்தது. பாப்பா ஒற்றைக் காலில் துள்ளினாள். தூக்கிக்கொள்ளப் போனேன். அதற்குள் வெள்ளையடித்த பட்டையில் போய் நின்றுகொண்டு, “இங்கே சுடலையே!” என்றாள். மறுபடி ஒரு கால் கறுப்பில், ஒரு கால் வெள்ளையில் வைத்துப் பார்த்தாள். கறுப்பு வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், வெள்ளை அதைத் திருப்பி அனுப்பிவிடும் என்றதும், இரண்டையும் இன்னொரு தடவை சோதித்துவிட்டுத்தான் நம்பினாள். பின்னால் வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். படுத்தட்டும் என்று நின்றேன்.

மகிழ மரத்தடியில் சுந்தரர் கதை. உன்னைப் பிரிய மாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துவிட்டு ஊர் எல்லையைத் தாண்டினார், பார்வை போனது. “சாமியோட ஃபிரெண்டுதானே? ஃபிரெண்டு கண்ணையே எடுத்துட்டாரா?” என்று கேட்டாள். ஃபிரெண்டாக இருந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும், அதற்குத்தானே பாட்டி இந்த வெயிலில் வந்திருக்கிறார்கள் என்றேன். அவள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

திருவொற்றியூரில் 27 நட்சத்திரங்களுக்கும் தனித்தனி லிங்கம் உண்டு. அசுவினியில் ஆரம்பித்துத் தன் ரோகிணியைத் தேடிக் கண்டுபிடித்தாள். ரோகிணி என்பது வெறும் ஜாதகத்தில் எழுதும் பெயர் இல்லை, நிஜமாகவே வானத்தில் சிவப்பாக மின்னுகிற நட்சத்திரம் என்று சொன்னேன். நிலா சுமார் இருபத்தேழு நாளில் வானத்தை ஒரு சுற்று சுற்றி வரும், ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரத்து வீடு, அதனால்தான் இந்தக் கணக்கு. ரோகிணி ஏறக்குறைய 65 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, இன்று நாம் பார்க்கிற வெளிச்சம் பாட்டி பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பியது என்றதும் வாயைத் திறந்தபடி அத்தையைப் பார்த்தாள். “பாட்டி, உன்னோட சேர்ந்து கிளம்பிச்சாம்!” அத்தைக்கு ஒளியாண்டு புரிந்ததோ என்னவோ, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் வரிசை. அது நகரவே இல்லை. முன்னால் யாரோ சிபாரிசில் நுழைந்தார்கள், சண்டை, சமாதானம், வியர்வை, கைக்குழந்தைகளின் அழுகை. என் பொறுமை தீர்ந்த நேரத்தில் திடீரென்று ஒரு தள்ளல். கண்ணெதிரே வடிவுடையாள். மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். தட்டை வாங்கிய அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைக்கு மேலிருந்து கணீரென்று குரல் வந்தது: “ரோகிணி, 65 ஒளியாண்டு!”

அத்தனை இரைச்சலிலும் அர்ச்சகர் ஒரு நொடி நின்று நிமிர்ந்தார். சிரித்தார். “அவ்வளவு தூரத்துலேர்ந்தா வர்றே? அம்மா, பார்த்துக்கோ” என்று தீபத்தை உயர்த்திக் காட்டினார். மூக்குத்தி பளிச்சென்றது. திரும்பி வந்து அம்மன் பாதத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை, கண்ணை மறைத்துவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனபோது டாக்டர் சொன்ன எண்களைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. வாய் ஓயாமல் கேள்வி கேட்கிற பிள்ளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏறுகிறது, இது என்ன, எங்கே போகிறது என்று கேட்கவேண்டாமா? சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். தேறி வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தது ரிப்போர்ட்டைப் பார்த்து இல்லை. ஒரு காலையில், “அப்பா, கொசுவுக்கு டெங்கு வந்தா அதுக்கு யார் ஊசி போடுவா?” என்று கேட்டாள். அப்போதுதான். தாயே, அந்தக் கேள்வியைத் திருப்பிக் கொடுத்தவள் நீ. உலகத்தை ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிற பாக்கியத்தை எனக்குக் கொடுத்து, பாதியில் பிடுங்காமல் விட்டவளும் நீ. உன் கூட்டத்தையும் உன் வெயிலையும் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

திருமுல்லைவாயிலுக்கு ரயில் மாறிப் போக யாருக்கும் தெம்பில்லை, வாடகைக் கார். அம்பத்தூர் தாண்டும்வரை பாப்பா தூங்கினாள், கோயில் வாசலில் புதுச் சார்ஜோடு எழுந்தாள். நந்தி ஏன் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது? தொண்டைமான் என்கிற ராஜாவுக்குத் துணையாகப் போகச் சொல்லி சுவாமி அனுப்பியதால் கிளம்பத் தயாராகத் திரும்பிவிட்டது. இந்தத் தூண்கள் எருக்காமே, எருக்கஞ்செடியில் எப்படித் தூண் வரும்? அதைத்தான் நானும் ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாகப் பார்க்கிறேன். கொடியிடையாளிடம் அத்தை வேண்டுதல் முடிந்தது என்று வாய்விட்டே சொன்னார். நான் கையைக் கூப்பினேன், கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மாசிலாமணீஸ்வரர் சன்னிதியில்தான் கடைசிக் கேள்வி. முல்லைக்கொடியை வெட்டிய தொண்டைமானின் வாள் பட்டதால் சுவாமிக்கு எப்போதும் சந்தனக் காப்பு என்றேன். “சந்தனத்துக்கு உள்ளே காயம் ஆறிடுச்சா?” என்றாள். சித்திரை மாதம் சதயத்தன்று காப்பைக் களைந்து காட்டுவார்கள், அன்றைக்கு வந்து நீயே பார்த்துக்கொள் என்று அத்தை முந்திக்கொண்டார். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை, காரில் ஏறியதும் பஞ்சாங்கம் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். பாப்பா, “அன்னிக்கு ஸ்கூல் இருக்குமா?” என்றாள். இருந்தாலும் லீவு போட்டுவிடலாம் என்றேன்.