சாட்ஸ்வொர்த் மைதானமும் கைமாறும் அணிகளும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் மதிய உணவுக்குப் பின் தொடங்கிய பேச்சு, மாலையில் விளக்கேற்றும் வரை ஓயவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நாங்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தின் மைதானத்தை நகராட்சிப் பணத்தில் செப்பனிட்டு, வந்துபோகும் தொழில்முறைக் கால்பந்து அணிகளில் ஒன்றை இங்கேயே நிலையாகக் குடியமர்த்த வேண்டும் என்றான் தம்பி. டர்பனின் பெரிய கால்பந்து அரங்கமான மோசஸ் மபிடா இருக்கையில் இன்னொரு மைதானத்திற்குச் செலவு எதற்கு என்று கேட்டார் மைத்துனர். அன்று நான் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

மைத்துனருக்கு விடை சொல்வது எளிது. மோசஸ் மபிடா 2009இல் திறக்கப்பட்டு, 2010 உலகக் கோப்பை அரையிறுதியில் ஸ்பெயின் ஜெர்மனியை வென்றதைப் பார்த்த அரங்கம். அதன் மேல் வளைந்து நிற்கும் வில் 106 மீட்டர் உயரமானது. அதைக் கட்டியதில் எனக்கும் பெருமைதான். ஆனால் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அந்த இடத்தில், சாதாரண லீக் ஆட்டத்திற்கு வரும் சில ஆயிரம் பேர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது. மேலும், கார் இல்லாத ஒரு சாட்ஸ்வொர்த் குடும்பம் இரவு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளோடு வீடு திரும்புவது எப்படி என்பதை யாரும் யோசிப்பதில்லை.

தம்பிக்கு விடை சொல்ல வேண்டுமென்றால் மேனிங் ரேஞ்சர்ஸ் என்ற எங்கள் பழைய கால்பந்து அணியைப் பற்றித்தான் பேச வேண்டும். என் அப்பா பிறந்தது டர்பனின் மேகசின் பேரக்ஸில், நகராட்சியில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருந்த குடியிருப்பில். இன அடிப்படையில் மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் 1960களில் அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். வீட்டையும் அக்கம்பக்கத்தையும் இழந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தவற்றில் கால்பந்தும் ஒன்று. சனிக்கிழமைகளில் டர்பன் நகரப் பகுதியிலிருந்த கரீஸ் ஃபவுண்டன் மைதானத்திற்குப் போவதை அப்பா வெகுகாலம் விடவில்லை. 1928இல் தோன்றிய ரேஞ்சர்ஸ் சாட்ஸ்வொர்த் மைதானத்தைத் தன் வீடாக்கிக்கொண்டபோதுதான், இந்த ஊர் தனக்கும் ஊர் என்று அவர் சொல்லத் தொடங்கினார்.

நாட்டின் உயர்மட்டக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் சாக்கர் லீக் முதன்முதலாக நடந்த 1996–97 பருவத்திலேயே, கோர்டன் இகெசண்டின் பயிற்சியில், ஜோகன்னஸ்பர்க்கின் சோவெட்டோவைச் சேர்ந்த பெரிய அணிகளைப் பின்னுக்குத் தள்ளி ரேஞ்சர்ஸ் பட்டம் வென்றது. அந்தப் பட்டத்தை நாட்டிலேயே முதலில் வென்ற அணி எங்கள் பேட்டை அணி என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் காட்டுவதற்கு அணி இல்லை. 2006இல் கேப் டவுனின் நிதி நிறுவனம் ஒன்று அதை வாங்கிக்கொண்டு போனது. மறு ஆண்டே அந்த நிறுவனம் சரிந்தது. அணி இகாபா ஸ்போர்ட்டிங் என்று பெயர் மாறிச் சில ஆண்டுகளில் மறைந்தது. வாங்கியவர்கள் விலை கொடுத்தது லீக்கில் இருந்த ஓர் இடத்திற்கு மட்டுமே. மைதானமும் அதன் பார்வையாளர் மேடைகளை நிரப்பிய மக்களும் அந்தக் கணக்கில் வரவேயில்லை.

இந்தக் காயம் இருப்பதால்தான் 2021இல் நடந்தது எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. 1969 முதல் புளூம்ஃபொன்டைன் நகர மக்கள் பச்சை வெள்ளை உடுத்திப் பாடி வளர்த்த புளூம்ஃபொன்டைன் செல்டிக் விற்கப்பட்டு, ராயல் ஏஎம் என்ற பெயரில் நம் மாகாணத்துக்கு வந்து, சாட்ஸ்வொர்த் மைதானத்திலேயே ஆடியது. செப்டம்பரில் அது சோவெட்டோவின் பெரிய அணிகளில் ஒன்றான கைசர் சீஃப்ஸை 4–1 என்று வென்றபோது, பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் மேடைகள் காலியாக இருந்தன; நடந்து போகக்கூடிய தூரத்தில் நடந்த ஆட்டத்தை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். முந்தைய பருவம் வரை செல்டிக்குக்காக ஆடிய விக்டர் லெட்சோவாலோ மூன்று கோல்கள் அடித்தார். தம்பி துள்ளிக் குதித்தான். எனக்கு அந்தக் கோல்கள் இன்னொருவர் வீட்டுப் பாத்திரத்தில் சமைத்த சோறாகவே பட்டன. பிறகு அந்த அணி பீட்டர்மரிட்ஸ்பர்க்கிற்குப் போனது, 2025இல் லீக்கை விட்டே நீக்கப்பட்டது. புளூம்ஃபொன்டைனுக்கு அதன் அணி திரும்பவில்லை. நமக்கும் எதுவும் மிஞ்சவில்லை.

இது ஓரிரு ஊர்களின் கதையும் அல்ல. 1921இல் தொடங்கி 2017இல் லீக் பட்டம் வென்ற ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் அணியின் லீக் இடம் 2020இல் லிம்போபோ மாகாணத்துக்கு விற்கப்பட்டு, அடுத்த பருவம் முடிவதற்குள் மறுபடியும் கைமாறியது.

ஆகவே மைதானத்தைச் செப்பனிட வேண்டும் என்பதில் நான் தம்பியின் பக்கம்தான். விளக்குக் கம்பங்கள், புல்தரை, பெண்களுக்கான உடை மாற்றும் அறை, மழை ஒழுகாத கூரை ஆகியவை பள்ளிப் பிள்ளைகளுக்கும் உள்ளூர்க் கழகங்களுக்கும் முதலில் பயன்பட வேண்டும். தொழில்முறை அணி அதற்குப் பிறகுதான். அப்படி ஓர் அணி வந்தால், பத்து ஆண்டுகளாவது இங்கேயே ஆடுவதாகவும், இடையில் உரிமை விற்கப்பட்டால் செப்பனிட்ட செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகவும் நகராட்சியோடு ஒப்பந்தம் எழுத வேண்டும். லீக்கும் தன் இடங்களை ஊர்விட்டு ஊர் விற்க அனுமதிக்கக் கூடாது. ஓர் ஊருக்கு முதல் பிரிவில் அணி வேண்டுமென்றால், கீழ்ப் பிரிவிலிருந்து ஆடி மேலே வரட்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கலாம். ரேஞ்சர்ஸ் தோன்றி அந்தப் பட்டத்தை வெல்ல ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பிடித்தன.

இவற்றை ஒரு மனுவாக எழுதி வார்டு கூட்டத்தில் கொடுக்க இருக்கிறேன். சித்தப்பா முதல் ஆளாகக் கையெழுத்திட்டார். தம்பி, ஒப்பந்தக் காலத்தை ஐந்து ஆண்டாகக் குறைத்தால் தானும் போடுவதாகச் சொல்கிறான். அதற்கு நான் இன்னும் இசையவில்லை.