புரண்டு படுத்தால் வாந்தி: வயிற்று டாக்டரிடம் தொடங்கி காது டாக்டரிடம் முடிந்த அலைச்சல்

அம்மாவுக்கு "வாந்தி, கெறக்கம் (தலைசுற்றல்)" என்றதும் ஓபி சீட்டில் வயிற்று டாக்டர் என்று எழுதிவிட்டார்கள். பாண்டோப்ரசோல், டோம்பெரிடோன் என்று வயிற்று மாத்திரைகள், அதற்கும் நிற்காமல் போகவே வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி. முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி, விடியற்காலை பஸ்ஸில் வாய்க்கு நேராகக் கவரைப் பிடித்தபடி நாகர்கோவில். ரிசல்ட் நார்மல். "கேஸ்தான்" என்று அதே மாத்திரை. எந்தப் பக்கம் புரண்டால் அறை சுற்றுகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கோளாறு வயிற்றில் இல்லை, காதில். உள்காதில் ஒட்டியிருக்கவேண்டிய கால்சியம் கார்பனேட் துகள்கள் கழன்று அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால், தலையை அசைத்து நிறுத்திய பிறகும் அங்குள்ள நீர் நகரும். காது "சுற்றுகிறது" என்று சொல்லும், கண்ணும் உடம்பும் "இல்லை" என்று சொல்லும். அந்தக் காது நரம்புக்கு மூளைத்தண்டில் வாந்தியைக் கிளப்பும் பகுதியோடு தொடர்பு உண்டு. வயிறு சுத்தமாக இருந்தும் ஓங்கரிப்பது அதனால்தான். பேச்சிப்பாறை ரோட்டு வளைவுகளில் பஸ்ஸில் குமட்டுவதும் இதே வழியில்தான்.

ஆகவே சீட்டு போடும்போதே வாந்தியைப் பின்னால் சொல்லுங்கள். "படுக்கையில் திரும்பினால், அண்ணாந்து பார்த்தால் சுற்றுகிறது, ஒரு நிமிஷத்துக்குள் நிற்கிறது, குமட்டல் மட்டும் நீடிக்கிறது" என்று சொன்னால் இஎன்டி-க்கு (காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம்) அனுப்புவார்கள்.

அங்கே தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாத்தி, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி பிடிப்பார்கள். பயத்தில் கண்ணை மூடினால் சோதனை வீண், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது கருவிழி தானாகத் துடிப்பதைத்தான். சில வினாடி கழித்தே அது தொடங்கும். ஸ்டெமெட்டில் என்ற தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது துடிப்பை அமுக்கிவிடும். கழுத்து எலும்புத் தேய்மானத்தையும் மறைக்காதீர்கள். வயிறு முட்டச் சாப்பிட்டும் போகாதீர்கள்.

அம்மாவுக்கு இடது காது. தலையைத் திருப்பித் திருப்பித் துகளைக் குழாயிலிருந்து வெளியேற்றும் எப்ளி முறையில், ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை பிடித்தார்கள். அன்று ராத்திரியே இடப்பக்கம் படுத்தார்! சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும், பிறகு திரும்பவும் வரலாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் வீடியோ பார்த்து வீட்டில் செய்யாதீர்கள். திரும்பும்போது பைக் வேண்டாம்.

ரத்த வாந்தி, கருப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது. பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் தளர்ச்சி, பிடித்தும் நிற்க முடியாமை என்றால் பக்கவாதமாக இருக்கலாம். ஓபி வரிசையே வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு நேரே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் அவசரப் பிரிவு.