பூஸ்ட் அளந்த கதை: கோவையும் ஊட்டியும்

ஜூன் 7, கோவை

மேடு ஏறினால் வண்டி இழுக்கவில்லை. "டர்போ போயிடுச்சுங்க, மாத்திடலாமுங்க" என்கிறார் மெக்கானிக். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி; அது தரும் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். அது எவ்வளவு வருகிறது என்று அளக்காமல் டர்போவைக் கழற்ற எனக்கு மனமில்லை.

வண்டியின் கம்ப்யூட்டர் அளவுகளைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் புளூடூத் அடாப்டரைச் செருகினேன்; அளவுகள் போனில் தெரியும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று நுழையும் குழாய்) பிரஷர் 96 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101.3, கோவை அதற்கு மேல் 400 மீட்டர் சொச்சம். ஆக, சென்சார் நம்பத்தக்கதுதான். அது காட்டுவது மொத்த அழுத்தம். அதில் அந்த ஊர்க் காற்றின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதே பூஸ்ட்.

ஜூன் 8

விடிகாலை, காலி பைபாஸ். நிறுத்திவைத்து ரேஸ் கொடுத்தால் லோடு இல்லாமல் பூஸ்ட் முழுசாக ஏறாது. அதனால் மூன்றாம் கியரில் முழு மிதி. தம்பி போனைப் பார்த்துக்கொண்டான். 158. ஊர்க் காற்றின் 96-ஐக் கழித்தால் 62, அதாவது 9 பிஎஸ்ஐ (ஒரு பிஎஸ்ஐ சுமார் 6.9 கிலோபாஸ்கல்). இதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் காரில் அதே ரோட்டில் 194.

ஜூன் 14

ஊசி கேஜ் ஒன்றை டி-ஜாயின்ட் போட்டு, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு முன்னால் மாட்டினேன். 14 பிஎஸ்ஐ! டர்போ தன் வேலையைச் செய்கிறது. மேனிஃபோல்டுக்குப் போகும் வழியில்தான் 5 பிஎஸ்ஐ தொலைகிறது. இன்டர்கூலரிலிருந்து போகும் ஹோஸ் வெளியே பார்க்கப் புதுசு போல இருந்தது. கழற்றி டார்ச் அடித்தால், உள் ரப்பர் படலம் உரிந்து நாக்கு மாதிரி தொங்குகிறது. காற்று வேகமாக வரும்போது அது மடங்கி வழியை அடைக்கிறது. ஹோஸ் மட்டும் மாற்றினோம். இப்போது 194.

ஜூன் 21, ஊட்டி

சாவி ஆன் செய்ததும் 78. ஏற்றத்தில் முழு மிதிக்கு 172. கழித்தால் 94, கிட்டத்தட்ட 13.6 பிஎஸ்ஐ. கோவையில் 98. டர்போ தரும் பூஸ்டில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் இன்ஜினுக்குக் கிடைக்கும் மொத்த அழுத்தம் 22 கிலோபாஸ்கல் குறைவு. வண்டி சோர்வாக ஏறுவது அதனால்தான்.

அப்புறம், போனில் இருக்கும் ஆப் எந்த ஊரானாலும் 101.3-ஐயே கழிக்கிறது. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு மைனஸ் 3.4 பிஎஸ்ஐ, முழு மிதிக்கு வெறும் 10.3 என்று காட்டியது. அதை நம்பினால் மலையேறும் ஒவ்வொரு டர்போவும் கெட்டுப்போனதுதான். மொத்த அழுத்தத்தை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு நானே கழித்துக்கொள்கிறேன்.

ஜூன் 23

ட்யூன் செய்த பெட்ரோல் காருக்கும் இதே அடாப்டர் போதுமா என்று நண்பர் கேட்டார். போதாது. வழக்கமான ஓபிடி மேனிஃபோல்டு அளவு ஒரே பைட் (0 முதல் 255 வரை மட்டுமே எண்ணும்), 255 கிலோபாஸ்கலோடு நின்றுவிடும். கோவையில் 1.6 பார் (160 கிலோபாஸ்கல்) பூஸ்டைத் தாண்டினால் அதில் தெரியாது. அவருக்குத் தனி கேஜ் மாட்ட வேண்டும், இன்டர்கூலருக்குப் பின்னால்.