டிரெய்லரைக் கட்டிக்கொண்டு நாட்செஸ் டிரேஸில்

டல்லாஸிலிருந்து நாஷ்வில்லுக்கு எப்படிப் போவது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். 30-ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில் ஏறு, லிட்டில் ராக்கில் 40-ஐப் பிடி, மெம்பிஸ் தாண்டி நேராக விடு. மொத்தம் 660 மைல் சொச்சம். வெறும் காரில் போவதாக இருந்தால் நானும் அப்படித்தான் போவேன். பின்னால் சமைத்து, படுத்துத் தங்குகிற வீட்டு டிரெய்லர் இருந்தால் கதை வேறு. இந்த வசந்த விடுமுறைக்கு நாங்கள் தெற்கே இறங்கி, லூசியானாவைக் குறுக்கே கடந்து, மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நாட்செஸ் ஊருக்குப் போய், அங்கிருந்து நாட்செஸ் டிரேஸ் பார்க்வேயில் வடக்கே ஏறினோம். 850 மைலைத் தொடும். "ஏன் இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறீங்க" என்று கேட்டவர்களுக்கு வாட்ஸாப்பில் தனித்தனியாகப் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன், அதனால் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் வேகக் கணக்கு. எங்கள் டிரெய்லரின் டயர் மணிக்கு 65 மைல் வரைக்கும்தான் தாங்கும். புதிதாக வருகிறவற்றில் 75, 80 தாங்குகிற டயரும் உண்டு, ஆனால் டயர் தாங்கினாலும் அந்த வேகத்தில் பெட்ரோல் போகிற போக்கை முள்ளில் பார்த்தால் கால் தானாக இறங்கிவிடும், ஏனென்றால் இழுத்துக்கொண்டு போவது ஒரு சுவரை, காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆக, பலகையில் 75 என்று போட்டிருந்தாலும் நாம் போகப்போவது 60, மிஞ்சினால் 62. இன்டர்ஸ்டேட்டுக்கு இருக்கிற ஒரே பெருமை வேகம்தான், அது நமக்கு உதவாது. அப்புறம் எதற்கு அதில் போக வேண்டும்?

வேகம் குறைந்தால் என்ன, ஓரமாகப் போய்க்கொண்டே இருக்கலாமே என்று தோன்றும். ஓரமாகத்தான் போவோம். பதினெட்டு சக்கர லாரிகள் வரிசையாக நம்மைத் தாண்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் முழு லோடில் 80,000 பவுண்டு வரை எடை. நம் டிரெய்லர் எல்லாம் சேர்த்து 5,000. லாரியின் மூக்கு டிரெய்லரின் பின்பக்கத்துக்கு வரும்போது அது தள்ளிக்கொண்டு வரும் காற்று முதலில் டிரெய்லரின் வாலை வலப்பக்கம் தள்ளும், ஸ்டியரிங்கில் லேசாக ஓர் உதறல் தெரியும். லாரியின் உடம்பு பக்கத்தில் ஓடும்போது அப்படியே உல்டா, லாரியின் பக்கம் இழுக்கும். அது தாண்டிப் போனதும் டிரெய்லர் ஓர் ஆட்டம் ஆடி நிற்கும். இதெல்லாம் ஒரு மூன்று நான்கு நொடி. பழகிவிட்டால் பயம் இல்லை, ஆனால் நாள் முழுக்க இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் அடுத்த லாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினால் சாயங்காலம் தோள்பட்டை கழன்றுவிடும்.

ஆட்டத்தைக் குறைக்க, வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கிற ஹிட்ச்சில் ஸ்வே பார் என்கிற கம்பி போட்டிருக்கிறோம். அதைவிட முக்கியம் எடையைப் பிரித்து வைப்பது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் இறங்க வேண்டும், பின்பக்கம் கனம் கூடினால் அது வாலை ஆட்ட ஆரம்பித்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் அரிசி மூட்டை, குக்கர், தண்ணீர் கேன் எல்லாம் அச்சுக்கு முன்னால். பின் அலமாரியில் பிள்ளைகளின் துணியும் மெத்தை விரிப்பும் மட்டும்.

சரி, வழிக்கு வருகிறேன். டல்லாஸிலிருந்து ஏத்தன்ஸ் போய், அங்கிருந்து 19-இல் பேலஸ்டைன் என்கிற ஊர் வரை இறங்கினால் அமெரிக்க நெடுஞ்சாலை 84 கிடைக்கும். இன்டர்ஸ்டேட் போடுவதற்கு முன்னால் நாட்டை இணைத்த பழைய எண் சாலைகளில் இதுவும் ஒன்று. இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். சின்னச் சாலை என்றதும் கிராமத்து மண் ரோடு வரை போகத் தேவையில்லை, இந்தப் பழைய நெடுஞ்சாலைகளே போதும். லாரி போகக் கட்டியது, அகலம் உண்டு, பாலங்களுக்கு உயரமும் உண்டு. பேலஸ்டைனிலிருந்து ரஸ்க் வரை பைன் காட்டுக்குள் போகும், கூடவே பழைய ரயில் பாதை ஒன்றும் வரும், அதில் இப்போதும் சுற்றுலா ரயில் விடுகிறார்கள். மார்ச் மாதம் என்பதால் இலை வருவதற்கு முன்பே ரெட்பட் மரங்கள் கிளை முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்து நின்றன. லாகன்ஸ்போர்ட்டில் சபீன் ஆற்றைத் தாண்டினால் லூசியானா. மான்ஸ்ஃபீல்ட், வின்ஃபீல்ட், ஜீனா என்று சின்னச் சின்ன ஊர்கள், ஒவ்வொன்றிலும் வேகம் 35-க்கு இறங்கும், ஒரு சிக்னல், ஒரு டாலர் கடை, இரண்டு மூன்று சர்ச், அப்புறம் மறுபடி காடு.

இந்த ஊர்களில் ஒரு பெட்ரோல் பங்கில் அவித்த நிலக்கடலை வாங்கினோம். பெரிய மின்சார அடுப்புப் பானையில் உப்புத் தண்ணீரோடு கொதித்துக்கொண்டே இருக்கிறது, ஓட்டை போட்ட கரண்டியால் நாமே அள்ளி ஃபோம் கப்பில் போட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊரில் அவிப்பதைவிட ரொம்ப நேரம் வேகவிடுகிறார்கள், தோலே குழைந்து போகிற அளவுக்கு. மசாலா போட்டதும் இருந்தது, காரம் நன்றாகவே இருந்தது. மதியம் சாப்பிட்ட கடையில் காய்கறித் தட்டு என்று கேட்டால் சோள மாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய், காராமணி, கீரை, சோள ரொட்டி. சைவம் சாப்பிடுகிறவர்கள் கீரையில் பன்றி இறைச்சி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது, பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

பெட்ரோல் விஷயத்தில் இன்டர்ஸ்டேட் கொஞ்சம் வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். அங்கே லாரிகளுக்கென்றே கட்டிய பெரிய பங்குகள், டிரெய்லரோடு நுழைந்து நேராக வெளியே வரலாம். சின்ன ஊர்களில் பங்கு நடு ஊரில் மூலையில் ஒடுங்கியிருக்கும், உள்ளே போனால் திரும்ப இடம் இருக்காது. அதனால் ஊருக்குள் நுழைகிற இடத்திலோ வெளியே போகிற இடத்திலோ இருக்கிற பங்காகப் பார்த்து, டேங்க் பாதி இருக்கும்போதே நிரப்பிவிடுவோம்.

வைடேலியாவிலிருந்து மிசிசிப்பியைக் கடக்கும் இரட்டைப் பாலத்தில் ஏறும்போது எதிர்க்கரையில் மேட்டின் மேல் நாட்செஸ் ஊர் தெரியும். இந்தப் பக்கம் தட்டையாக இருந்த நிலம் அந்தப் பக்கம் செங்குத்தாக எழும்பி நிற்கும். மார்ச், ஏப்ரலில் பழைய மாளிகைகளைத் திறந்து காட்டுவார்கள் என்பதால் கூட்டம், டிரெய்லரை உள்ளே கொண்டு போகாமல் வெளியிலேயே விட்டுவிட்டுப் போனோம். மாளிகைகள் அழகு. பருத்திப் பணத்தில் எழும்பியவை, பருத்தி பறித்தவர்கள் அடிமைகள். ஊரின் ஓரத்திலேயே அவர்களை விற்ற சந்தை இருந்த இடமும் இருக்கிறது, அதையும் பார்க்காமல் திரும்பக்கூடாது.

இனி டிரேஸ், அதாவது அந்தக் காலத்து நடைபாதை ஒன்றை ஒட்டிப் போட்ட சாலை. நாட்செஸிலிருந்து நாஷ்வில் பக்கம் வரை 444 மைல், மூன்று மாநிலம், தேசியப் பூங்காத் துறையின் சாலை, கட்டணம் கிடையாது. வணிக வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஒரு லாரி கூட இல்லை! சிக்னல் இல்லை, விளம்பரப் பலகை இல்லை, வேகம் 50-க்கு மேல் கூடாது, அதைப் பூங்கா ரேஞ்சர்கள் விறைப்பாகவே கவனிக்கிறார்கள். இழுக்கிற வண்டியையும் சேர்த்து 55 அடி நீளம் வரை போகலாம், நாங்கள் 45-க்குள் அடங்குவோம். எல்லாரும் ஐம்பதில் போவதால் நம்மைத் தாண்டத் துடிப்பவர்கள் அதிகம் இல்லை. ஜாக்சன் நகரத்தை ஒட்டிய பகுதியிலும் டுபெலோவிலும் மட்டும் வேலைக்குப் போகிறவர்களின் அவசரம் தெரியும். மற்றபடி கவனிக்க வேண்டியது சைக்கிள்காரர்களை. ஓரத்தில் ஒதுங்க இடம் இல்லாத சாலை, அவர்களும் அதே தடத்தில்தான் வருவார்கள், எதிரே காலியாகும் வரை பின்னால் பொறுமையாகப் போய், முழுசாக அடுத்த தடத்துக்கு மாறித் தாண்ட வேண்டும். டிரேஸ் மேலேயே பெட்ரோல் பங்கு எதுவும் கிடையாது, அதற்குப் பக்கத்து ஊருக்குள் இறங்க வேண்டும்.

பத்தாவது மைலில் எமரால்ட் மவுண்ட். பூர்வகுடிகள் கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி எழுப்பிய மேடு, 8 ஏக்கர் பரப்பு, அமெரிக்காவில் இந்த வகையில் இரண்டாவது பெரியது. ஆனால் என்னை நிறுத்தியது 41-ஆம் மைல் தாண்டி வரும் பள்ளப் பாதை, அந்தப் பழைய டிரேஸின் ஒரு துண்டு. அங்கே இருப்பது காற்று கொண்டுவந்து சேர்த்த பொடி மண். அதன் மேல் மிருகங்களும், சாக்டா, நாட்செஸ், சிக்கசா என்ற பூர்வகுடி மக்களும், வியாபாரிகளும் நடந்து நடந்து பாதை ஆளுயரத்துக்கு மேல் உள்ளே போய்விட்டது. இரண்டு பக்கச் சுவரிலும் மரத்தின் வேர்கள் வெளியே தொங்குகின்றன, கையால் தொட்டால் மண் பவுடராக உதிர்கிறது. ஓஹையோ, கென்டக்கிப் பக்கத்து ஆட்கள் தட்டைப் படகில் சரக்கேற்றி ஆற்றோடு மிதந்து வந்து, நாட்செஸிலோ நியூ ஆர்லியன்ஸிலோ சரக்கை விற்று, எதிர்நீரில் ஏற முடியாத படகையும் விறகு விலைக்குத் தள்ளிவிட்டு, இந்த வழியாகத்தான் வீட்டுக்கு நடந்திருக்கிறார்கள். நீராவிப் படகு வந்ததும் நடக்கிற வேலை முடிந்தது, பாதையும் காட்டுக்குள் மறைந்துபோனது. 1930-களில் ஆரம்பித்த பார்க்வே வேலை 2005-இல்தான் முழுசாக முடிந்திருக்கிறது.

ராத்திரி தங்க ஜெஃப் பஸ்பி, மெரிவெதர் லூயிஸ் என்று இரண்டு இடத்தில் இறங்கினோம். இரண்டுமே இலவசம், முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவருக்கு இடம். பக்கத்து இடத்தில் இருந்த மிச்சிகன் தாத்தா, இரண்டு மணிக்குள் வந்துவிடு, நாலு மணிக்கு வருகிறவன் திரும்பித்தான் போவான் என்றார். அப்படியே நடந்தது. கரண்ட் கிடையாது, தண்ணீர் டேங்கை முன்னாலேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். மிக்ஸிக்கு வேலையில்லை என்பதால் பருப்புப் பொடி, ரசம், சுட்ட அப்பளம்.

வண்டி ஓட்டுவது நான், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்பது இவர். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும் என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் மரங்களுக்கு நடுவில் இவர் பஸ் கண்டக்டர் மாதிரி "வரலாம், வரலாம், ரைட்டுல ஒடி, இன்னும் ஒடி, ஹோல்டான்!" என்று கத்தியதில் மொத்த கேம்ப்பும் வேடிக்கை பார்த்தது. "என்னங்க, எந்த ரைட்டு? உங்க ரைட்டா, என் ரைட்டா?" என்றேன். "மரம் இல்லாத ரைட்டு" என்றார்.

மெரிவெதர் லூயிஸ், மேற்கே பசிபிக் வரை போய் வந்த லூயிஸ், கிளார்க் பயணத்தின் லூயிஸ்தான். அவ்வளவு தூரம் போய்ப் பிழைத்து வந்தவர் 1809-இல் இந்த டிரேஸ் மேல் ஒரு விடுதியில் குண்டு பட்டு இறந்தார், தற்கொலையா கொலையா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். கல்லறை கேம்ப்பிலிருந்து நடக்கிற தூரம். மேலே பாதியில் உடைந்த தூண் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அவர் பெயரில் இருக்கிற அந்த இடத்துக்குத் தெற்கே பழைய டிரேஸிலேயே ஓட்டிப்போகும் ஒருவழிப் பாதை ஒன்று உண்டு, ஆசையாக இருந்தாலும் டிரெய்லரோடு போகக்கூடாது.

இதே எச்சரிக்கை மற்ற அழகான சாலைகளுக்கும் பொருந்தும். மொன்டானாவின் கோயிங் டு த சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியில்லை. தென் டக்கோட்டாவின் நீடில்ஸ் சாலையில் ஒரு சுரங்கம் 8 அடி அகலம்தான். போன் மேப்பில் 'நெடுஞ்சாலை வேண்டாம்' என்று தட்டிவிட்டு அது காட்டுகிற பக்கம் போவது இன்னும் மோசம், அதற்கு நம் பின்னால் டிரெய்லர் இருப்பது தெரியாது, சரளைக்கல் ரோட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். மலை என்று வந்துவிட்டால் நானே இன்டர்ஸ்டேட்டைத்தான் தேடுவேன், அங்கே ஏற்ற இறக்கத்தை அளவோடு வெட்டியிருப்பார்கள், பிரேக் காய்ந்து நாற்றம் அடிக்காது.

திரும்பும்போது பள்ளிக்கூடம் திறக்கிற நெருக்கடி, 40-இலேயே வந்தோம். இவர் ஓட்டினார். மெம்பிஸ் தாண்டி ஆர்கன்சாவுக்குள் நுழைந்ததும், நாம் சாப்பிடுகிற நெல் அமெரிக்காவிலேயே அதிகம் விளைவது இந்த மாநிலத்தில்தான், இரண்டு பக்கமும் வயல், வரப்பைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். சின்னவள் ஜன்னலில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்கம்மா? லாரிதான் தெரியுது."