குளிர் இரவுக்கு ஒரு மீன் சாப்பாடு

நுவரெலியாவில் வேலை முடிந்து பேருந்தில் இறங்கி, குளிரில் மேடேறி வீட்டுக்கு வரும்போது, பச்சை மீனைத் துப்புரவாக்கிக் குழம்பு வைக்கும் தெம்பு எனக்கு இருப்பதில்லை. 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், பருப்பு வேகவும் நேரமாகும். ஆகவே வேலை நாள்களில் நான் நம்புவது டின் மீனையும் நெத்தலிக் கருவாட்டையும்தான்.

டின் மீன் ஏற்கெனவே வெந்தது. அதன் நடுமுள்கூட விரலால் நசுக்கினால் மாவாகிவிடும். அதைக் கொதிக்கவிட்டுக் கிளறிக்கொண்டே இருப்பது பெருந்தவறு. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை (வாசனை இலை) ஆகியவற்றை வதக்கி, தக்காளி கரைந்ததும் மிளகாய்த்தூளும் மஞ்சளும் சேர்த்து, அரைக் கோப்பை தேங்காய்ப்பால் ஊற்றி, அது நுரைத்து வரும்போது நீரை வடித்த மீன் துண்டுகளை மெல்ல இறக்கி, ஐந்தே நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். சட்டியை இறக்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும். மீனிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்த பிறகே உப்புப் போட வேண்டும்.

நெத்தலிக்கு இவ்வளவு வேலையும் இல்லை. தலையைக் கிள்ளி, வெந்நீரில் அலசி, துணியில் ஈரம் ஒற்றி, மொறுமொறுப்பாகப் பொரித்து, வதக்கிய வெங்காயத்தோடும் இடித்த செத்தல் மிளகாயோடும் பிரட்டினால் போதும். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த மாலைகளில், சுடச்சுடத் தேங்காய் ரொட்டியோடு எங்களுக்குப் பரிமாறியதும் இதே நெத்தலிதான். இன்றும் அந்த வாசம் எழுந்தால், பிள்ளைகள் அழைக்காமலே அடுப்படிக்கு வந்துவிடுகிறார்கள்.