எந்த ‘ப’?

மொரீசியசின் ரோஸ் ஹில் நகரில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், சென்ற மாதம் சொல்வதெழுதுதலின்போது ‘அம்பு’ என்று சொன்னேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு, நடுவில் வரும் ஒலிக்கு எழுத்து எது என்று கேட்டாள். ‘அப்பா’ என்பதில் வரும் அதே ப தான் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை; இரண்டும் வேறு வேறு ஒலிகள் என்று, பிரெஞ்சிலிருந்து உருவான எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் உறுதியாகச் சொன்னாள். அப்போது எழுத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். வீடு திரும்பும் வழியில்தான், அவள் காது பிழை செய்யவில்லை என்பது எனக்கு உறைத்தது.

‘அப்பா’ என்னும்போது உதடுகள் மூடியிருக்கும் கணத்தில் குரல்வளை அதிர்வதில்லை. ‘அம்பு’ என்னும்போது மகரத்தில் தொடங்கிய அதிர்வு பகரத்திலும் தொடர்கிறது. தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தால் எவரும் இதை உணரலாம். கிரியோலில் இந்த அதிர்வுதான் பொருளைப் பிரிக்கிறது: அதிர்வில்லாத பகரத்தோடு ‘ப்வாசோன்’ என்றால் மீன்; அதிர்வுள்ள பகரத்தோடு ‘ப்வாசோன்’ என்றால் குடிக்கும் பானம். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதை இந்த வரியிலேயே காணலாம். இவ்வாறு ஓர் ஒலியை மாற்றினால் சொல்லே மாறிவிடுமானால், அவ்விரண்டு ஒலிகளும் அந்த மொழிக்குத் தனித்தனி ஒலியன்கள். கிரியோலுக்கு அவை இரண்டு ஒலியன்கள். தமிழுக்கு ஒரே ஒலியனின் இரண்டு மாற்றொலிகள், அதாவது பொருளை மாற்றாத இரண்டு வடிவங்கள்.

தமிழ் ஏன் இரண்டு எழுத்துகளைத் தேடவில்லை என்பதற்கு விடை, அவ்வொலிகள் வரும் இடங்களில் இருக்கிறது. சொல்லின் முதலிலும், ‘பக்கம்’, ‘பட்டு’, ‘பத்து’ என இரட்டித்து வரும்போதும் வல்லினம் அதிர்வின்றி ஒலிக்கிறது. ‘அங்கு’, ‘பஞ்சு’, ‘வண்டு’, ‘பந்து’ என மெல்லினத்தை அடுத்து வரும்போது அதிர்வோடு ஒலிக்கிறது. ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வருவதில்லை. மொழியியலார் இதைத் துணைநிலை வழக்கு என்பர். இடமே ஒலியைத் தீர்மானித்துவிடுவதால் எழுத்து அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. வடசொற்கள் புகுந்தபோது இந்த ஒழுங்கு ஓரளவு குலைந்தது என்பதும் உண்மை: தீவினையைக் குறிக்கும் ‘பாவம்’ அதிர்வின்றித் தொடங்குகிறது, நடனத்தில் முகம் காட்டும் ‘பாவம்’, கவனமாகப் பேசுவோர் வாயில், அதிர்வோடு தொடங்குகிறது.

இடம் ஒலியைத் தீர்மானிப்பதற்குச் சான்று மொரீசியசில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. நம் குடும்பப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துகளில் பதிவானவை. அந்த எழுத்துமுறையில் அதிர்வுள்ள ஒலிக்கு ஓர் எழுத்து, அதிர்வில்லாததற்கு வேறோர் எழுத்து. ‘கணபதி’ என்னும் பெயரில் முதல் ஒலி அதிர்வில்லாத எழுத்தாலும், இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே ஒற்றையாக வருவதால் அதிர்வு பெறும் பகரமும் தகரமும் அதிர்வுள்ள எழுத்துகளாலும் குறிக்கப்பட்டுள்ளன; ‘முத்து’, ‘வீரப்பன்’ ஆகியவற்றின் இரட்டித்த வல்லினங்களோ அதிர்வில்லாத எழுத்துகளையே பெற்றுள்ளன. தமிழ் இலக்கணம் அறிந்து இப்படி எழுத வேண்டிய தேவை இல்லை. பிரெஞ்சுக்குப் பழகிய காது போதும். நம் பெயர்ப்பலகைகளில் தமிழின் மாற்றொலி விதி இவ்வளவு துல்லியமாகப் பதிந்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தருகிறது.

ல, ள, ழ ஆகியவற்றில் நிலைமை தலைகீழாகிறது. ‘வலி’, ‘வளி’, ‘வழி’ என்னும் மூன்றும் தமிழில் மூன்று பொருள்கள். ஆகவே மூன்று ஒலியன்கள். கிரியோலில் நாவை மேல்நோக்கி வளைத்து ஒலிக்கும் ஒலிகளே இல்லை. எனவே ‘பள்ளி’ என்று நான் சொன்னாலும் என் மாணவர் பலருக்குப் ‘பல்லி’ என்றே கேட்கிறது. இது கவனக்குறைவு அன்று. தன் மொழியில் பொருளைப் பிரிக்காத வேறுபாட்டைக் காது சிறு வயதிலேயே ஒதுக்கிவிடுகிறது. பிரெஞ்சு பேசுவோர் வேறுபடுத்தும் இரண்டு சகர ஒலிகள் கிரியோலில் ஒன்றாகிப்போனதும் இத்தகைய கணக்குதான். இத்தனை ஆண்டுகளாக அந்தப் பிழைகளுக்குச் சிவப்பு மையில் கோடிட்டு வந்ததற்காக வருந்துகிறேன்.

எழுத்தும் ஒலியனும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘ந’வும் ‘ன’வும் இன்று பெரும்பாலோர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆயினும் தொல்காப்பியம் அகரம் முதல் னகரம் ஈறாக எழுத்து 30 என்று வகுத்தபோது, அதிர்வுள்ள பகரத்துக்கும் அதிர்வில்லாத பகரத்துக்கும் தனித்தனி இடம் தரவில்லை; ஒலிகள் எத்தனை என்பதை விட்டு, மொழிக்குப் பயன்படும் வேறுபாடுகள் எத்தனை என்பதையே எண்ணியிருக்கிறது.

சென்ற சனிக்கிழமை சொல்வதெழுதுதலை நிறுத்திவைத்து, புலியின் படத்தையும் புளியின் படத்தையும் எடுத்துச் சென்றேன். முதலில் அந்தச் சிறுமியிடம், அவள் கேட்டது சரி, ‘அம்பு’வில் உள்ள ஒலி வேறுதான், ஆனால் தமிழ் அதை எழுத்தில் பிரிப்பதில்லை என்று விளக்கினேன். பிறகு நான் சொல்லச் சொல்ல மாணவர்கள் படத்தைக் காட்ட வேண்டும். பத்து முறை சொன்னதில் அந்தச் சிறுமி ஆறு முறை சரியான படத்தைக் காட்டினாள். அடுத்த வாரத்துக்கு ‘மனம்’, ‘மணம்’ இரண்டுக்கும் படம் தேடிக்கொண்டிருக்கிறேன். மணத்துக்கு மல்லிகை போதும், மனத்துக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.