எம்எல்ஏ படுத்திய பாடு: 214 மேற்கோள்களும் மூன்று பேருந்துப் பயணங்களும்

போன வெள்ளிக்கிழமைதான் ஆய்வேட்டைக் கொடுத்து ரசீது வாங்கினேன். இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. நெறியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார், கருத்துத்திருட்டுச் சோதனையில் 10 விழுக்காட்டுக்குள் வந்துவிட்டது, கட்டணமும் கட்டியாயிற்று. இழுத்தடித்தது கடைசி 19 பக்கங்கள். துணைநூற்பட்டியல்.

"எம்எல்ஏவால ராத்திரித் தூக்கமே போச்சு" என்று தோழியிடம் போனில் புலம்பியதைக் கேட்டு அம்மா பதறிப்போய் வந்தார். "அவருக்கும் உனக்கும் என்னடி தகராறு?" இந்த எம்எல்ஏ ஆள் இல்லை, மேற்கோளும் துணைநூற்பட்டியலும் எழுதுகிற ஒரு பாணி என்று அம்மாவுக்குப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆனது. பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவில் கடைசி வரை முடியவில்லை.

நான் வரலாற்றுத் துறை. கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்த பிஎச்.டி. ஆய்வேடு ஆங்கிலத்தில். படித்த கட்டுரைகளில் முக்கால்வாசி ஜேஸ்டோர் போன்ற தரவுத்தளங்களில் எடுத்தவை, மிச்சம், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் கிடைத்த ஆய்வேடுகள். நெறியாளர் பழைய வரலாற்றுக்காரர், அவருக்குச் சிகாகோ பாணி அடிக்குறிப்பு இல்லாவிட்டால் படிக்கவே வராது. மூன்றாம் இயலைக் கட்டுரையாக அனுப்பிய ஆய்விதழ் ஏபிஏ என்ற இன்னொரு பாணியைக் கேட்டது. பல்கலைக்கழகக் கையேடு எம்எல்ஏ என்றது. ஆக, ஒரே பட்டியலை மூன்று வேடத்தில் ஆடவிட்டேன்.

"கமாவை மாத்தி வைக்கிறதுக்கு இவ்வளவு அலப்பறையா?" என்று கேட்பவர்களுக்காக ஒரே ஒரு கட்டுரையைக் காட்டுகிறேன். பெரியாரின் பேச்சிலும் எழுத்திலும் 'தேசம்' என்ன பொருள் பெற்றது என்பது பற்றி எம். எஸ். எஸ். பாண்டியன் எழுதியது. எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி, தொகுதி 28, இதழ் 42, 1993 அக்டோபர் 16, பக்கம் 2282 முதல் 2287 வரை. நான் படித்தது ஜேஸ்டோரில்.

ஏபிஏ ஏழாம் பதிப்பில் இது பெயர், ஆண்டு, தலைப்பு, இதழ் பெயர், அப்புறம் 28(42), 2282–2287 என்று முடிந்துவிடும். ஜேஸ்டோர் என்ற சொல்லே வராது. டிஓஐ, அதாவது கட்டுரைக்கென்று பதிவு செய்த நிலையான அடையாள எண், இருந்தால் போட வேண்டும். இல்லையென்றால், பல நூலகங்களில் கிடைக்கிற தரவுத்தளத்தில் எடுத்த கட்டுரையை அச்சில் படித்தது போலவே காட்டிவிடச் சொல்கிறார்கள். எம்எல்ஏவின் கணக்கு வேறு. கட்டுரை ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது, அந்த டப்பா இன்னொரு டப்பாவுக்குள். இதழ் முதல் டப்பா, ஜேஸ்டோர் இரண்டாவது. இரண்டின் பெயரும் சாய்வெழுத்தில் வர வேண்டும், பின்னால் இணைப்பு. பக்க எண்ணும் 2282-87 என்று சுருங்கிவிடும். சிகாகோவிலும் 2282–87தான். ஆனால் அங்கே டிஓஐ, அது இல்லாவிட்டால் நிலையான இணைப்பு, அதற்கும் வழியில்லை என்றால் தரவுத்தளத்தின் பெயர் என்று படிப்படியாக இறங்க வேண்டும். இது போதாதென்று ஏபிஏவில் கட்டுரைத் தலைப்பின் முதல் சொல்லுக்கும், முக்காற்புள்ளிக்குப் பின்வரும் முதல் சொல்லுக்கும், ஆள், ஊர்ப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து, மற்ற இரண்டிலும் ஏறக்குறைய எல்லாச் சொல்லுக்கும் பெரிய எழுத்து. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாமல் வைத்த நம் முன்னோரைக் கையெடுத்துக் கும்பிட்டது அந்த வாரத்தில்தான்.

சரி, இதெல்லாம் மேற்கோள்களைச் சேர்த்து வைத்து வடிவமைத்துத் தரும் ஸோட்டெரோ மென்பொருளில் ஒரு சொடுக்கில் மாறிவிடும் என்ற தைரியத்தில் இருந்தேன். மாறவும் செய்தது. எம்எல்ஏ ஒன்பதாம் பதிப்பு என்று தேர்ந்தெடுத்து, அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, பென் டிரைவில் பிடிஎஃப்பும் எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேருந்தில் போனேன்.

ஆய்வுப் பிரிவில் சரிபார்ப்பவர் முன்பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டு நேராகக் கடைசிக்குப் போனார். கையில் ஒரு பழைய சரிபார்ப்புத் தாள், ஓரமெல்லாம் மடங்கிப்போனது.

"மேடம், 'வெப்' எங்கே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த வெப் சார்?"

"இணையத்துல எடுத்திருந்தா 'வெப்'னு போட்டு, பார்த்த தேதி போடணும். புத்தகம்னா 'பிரிண்ட்'. ஒண்ணுலகூட இல்லையே."

அப்போதுதான் உறைத்தது. அவர் கையில் இருந்தது எம்எல்ஏ ஏழாம் பதிப்பு, 2009இல் வந்தது. அச்சா இணையமா என்று சொல்வதும், இணையத்தில் பார்த்த தேதியைக் கொடுப்பதும் அதில் கட்டாயம். 2016இல் எட்டாம் பதிப்பு வந்தபோதே 'வெப்', 'பிரிண்ட்' இரண்டும் போய்விட்டன, பார்த்த தேதியும் விருப்பம்போல என்றாகிவிட்டது. 2021இல் ஒன்பதாம் பதிப்பும் வந்தாயிற்று. போனில் எடுத்துக் காட்டினேன். கோபப்படாமல்தான் பார்த்தார். "நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். எங்க புக்குல இருக்கிறதைத்தான் நாங்க பார்க்கணும்." கையேட்டைத் திருப்பிப் பார்த்தேன். எம்எல்ஏ என்று மட்டும் இருக்கிறது, எந்தப் பதிப்பு என்று ஒரு வரிகூட இல்லை. இதை நான் பதிவு செய்த முதல் ஆண்டிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்பவர்கள் வாயால் மட்டும் கேட்காதீர்கள். மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு விட்டிருந்தால் அவர்மேல் கோபப்பட்டுக்கொண்டே ஊர் திரும்பியிருப்பேன். பிடிஎஃப்பைத் திறந்து ஏதோ ஓர் இணைப்பைச் சொடுக்கினார். கட்டுரை வரவில்லை. எங்கள் கல்லூரி நூலகத்தின் உள்நுழைவுப் பக்கம் வந்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டுக்கொண்டு நின்றது. இன்னொன்றைச் சொடுக்கினார். அதே பக்கம். என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இது முழுக்க என் தப்பு. வீட்டிலிருந்து கல்லூரிக் கணக்கு வழியாகத் தரவுத்தளத்துக்குள் போனால், முகவரிப் பட்டையில் தெரிவது கல்லூரியின் இடைவழி (பிராக்ஸி) முகவரி. அதை அப்படியே நகலெடுத்தால் நமக்கு மட்டும்தான் திறக்கும். சில தரவுத்தளங்களில் முகவரி அந்த நேரத்துக்கு மட்டுமே உயிரோடு இருக்கும், மறுநாள் நமக்கே திறக்காது. முகவரிப் பட்டையைத் தொடாதீர்கள். ஜேஸ்டோரில் கட்டுரைப் பக்கத்திலேயே நிலையான இணைப்பு தனியாக இருக்கும். மற்றவற்றில் 'பெர்மாலிங்க்' என்று ஒரு பொத்தான் இருக்கும். டிஓஐ இருந்தால் இரண்டுமே வேண்டாம். சோத்கங்கா ஆய்வேடு என்றால், பிடிஎஃப்பின் முகவரியை எடுக்காமல் அந்தப் பக்கத்தில் 10603 என்ற எண்ணோடு வரும் 'ஹேண்டில்' என்ற நிலையான இணைப்பை எடுங்கள். கடைசியில் எல்லா இணைப்பையும் வீட்டில் வேறொருவர் போனில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். நான் அம்மா போனில் பார்த்தேன்.

ஊருக்கு வந்து ஸோட்டெரோவில் ஏழாம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொடுக்கினேன். பட்டியல் கல் மாதிரி அசையாமல் இருந்தது.

நடந்தது இதுதான். பல்கலைக்கழகம் போவதற்கு முன்பு பக்க எண்ணும் ஓர இடைவெளியும் சரிசெய்ய டிடிபி கடையில் கோப்பைக் கொடுத்திருந்தேன். கடை அண்ணன் தன்னிடம் இருந்த வேறொரு மென்பொருளில் திறந்து, அழகாகச் சரிசெய்து, சேமித்துக் கொடுத்துவிட்டார். அந்தச் சேமிப்பில் மேற்கோள்களுக்கும் ஸோட்டெரோவுக்கும் இருந்த தொடர்பு அறுந்து, 214 மேற்கோளும் வெறும் எழுத்தாகிவிட்டன. பழைய நகல் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நெறியாளர் சொன்ன திருத்தங்களை எல்லாம் கடைக் கோப்பில்தான் செய்திருந்தேன். அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை, நான் சொல்லாமல் கொடுத்துவிட்டேன். டிடிபி கடைக்குப் போகும் கோப்பு எப்போதும் கடைசிக் கோப்பாக இருக்கட்டும், அதுவும் நகலாக இருக்கட்டும்.

பதினோரு இரவுகள். ஒவ்வொரு மேற்கோளாக அழித்து, திரும்பச் செருகினேன். அந்த எரிச்சலில் ஒரு நன்மை, ஒவ்வொரு பதிவையும் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். அதுவரை தரவுத்தளத்தின் மேற்கோள் பொத்தான் கொடுத்ததை நம்பியிருந்தேன். அந்தப் பொத்தானை நம்பாதீர்கள் என்று நூலகர் முதல் ஆண்டே சொன்னார், யார் கேட்டது. ஒரு தரவுத்தளத்திலிருந்து வந்த தலைப்புகள் முழுக்கப் பெரிய எழுத்தில், பட்டியலிலிருந்து கத்துவது போல இருந்தன. (ஸோட்டெரோவில் தலைப்பின்மேல் வலப்பக்கச் சொடுக்கில் இதை மாற்ற வழி இருக்கிறது. ஆனால் பெரியார், சென்னை எல்லாம் சின்ன எழுத்தாகிவிடும், கையால் திருத்த வேண்டும்.) ஓர் இடத்தில் இதழின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தரவுத்தளத்தின் பெயர் உட்கார்ந்திருந்தது. இன்னோர் இடத்தில் டிஓஐ மாதிரியே ஓர் எண், பத்தில் தொடங்கி எல்லாம் சரியாக இருந்தது, திறந்தால் அப்படி ஒன்று பதிவாகவே இல்லை. டிஓஐ போல இருப்பதெல்லாம் டிஓஐ இல்லை. டிஓஐகளைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் தலைப்பைப் போட்டுத் தேடினால் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும், காசு கிடையாது. நேரமில்லை என்று செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் பட்டியலைக் கொடுத்து வடிவமைத்து வாங்கிய ஒரு மாணவரை எனக்குத் தெரியும். கமா, புள்ளி எல்லாம் கச்சிதம். ஒரு டிஓஐயைச் சொடுக்கினால் தவளைகளைப் பற்றிய கட்டுரைக்குப் போனது. அவர் பொருளியல்.

பெயர்கள்தான் பெரிய கூத்து. இந்தப் பாணிகள் எல்லாம் மனிதருக்குக் குடும்பப் பெயர் ஒன்று உண்டு, அது கடைசியில் வரும் என்று நம்புகின்றன. நமக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, பின்னால் நம் பெயர். 'எம். எஸ். எஸ். பாண்டியன்' என்று வந்தால் தற்செயலாகச் சரியாகிவிடும், பாண்டியன் முன்னால் போய்விடுவார். தொல்லியல் அறிஞர் கா. ராஜன் சில பதிவுகளில் எழுத்து பின்னால் வருமாறு, 'ராஜன் கே.' என்று இருந்தார். மென்பொருள் அந்த ஒற்றை எழுத்தையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, கே வரிசையில் கொண்டுபோய் வைத்தது. தமிழறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளையை இரண்டாக வெட்டி, 'பிள்ளை' என்ற தலைப்பில், ஊரில் உள்ள மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து நிறுத்திவிட்டது. வையாபுரிப் பிள்ளை முழுதாக முன்னால் வந்து, எழுத்து பின்னால் போக வேண்டும். பெயரைக் கடைசிப்பெயர்க் கட்டத்தில் முழுதாகவும் எழுத்துகளை முதற்பெயர்க் கட்டத்திலும் நீங்களே போடுங்கள். தமிழர் பெயர் ஒவ்வொன்றையும் பார்க்கத்தான் வேண்டும், குறுக்கு வழி இல்லை.

இணைப்புகளையும் ஒன்றுவிடாமல் சரிசெய்து, அம்மா போனில் திறந்து பார்த்து, பெருமையோடு ஏழாம் பதிப்புக்கு மாற்றப் போனபோது இன்னொன்று தெரிந்தது. அந்தப் பதிப்பில் இணைப்பு கட்டாயமே இல்லை. தரவுத்தளத்தின் பெயர், 'வெப்', பார்த்த தேதி, போதும். அவர் சொடுக்கிப் பார்த்து என் மானத்தை வாங்கிய இணைப்புகள், அவருடைய சரிபார்ப்புத் தாளின்படியே தேவையில்லாதவை. நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பார்த்த தேதிகளை எங்கே போய்த் தேடுவது என்றுதான் பயந்தேன். உலாவியிலிருந்து சேமித்தபோதே ஸோட்டெரோ ஒவ்வொன்றுக்கும் தேதியைக் குறித்து வைத்திருந்தது. இத்தனை கலாட்டாவில் எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அதுதான். ஒன்பதாம் பதிப்பில் தேவையில்லாவிட்டாலும் அந்தத் தேதிகளை அழிக்காதீர்கள், எந்தக் கவுண்டரில் எந்தப் பதிப்பு காத்திருக்கிறதோ.

இரண்டாம் பயணம் வீண். சரிபார்ப்பவர் தேர்வுப் பணியாக வெளியூர் போயிருந்தார், "திங்கள்கிழமை வாங்க." போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன், அப்போது இருந்தாராம்.

மூன்றாம் முறை இருந்தார். கடைசிப் பக்கங்களைத் திருப்பினார். இரண்டே பக்கம். விரலை வைத்து 'வெப்', 'வெப்', 'பிரிண்ட்', 'வெப்' என்று ஓட்டிக்கொண்டே போய், தாளில் ஒரு டிக் அடித்தார். வையாபுரிப் பிள்ளையை அவர் பார்க்கவே இல்லை.

ரசீதோடு சோத்கங்காவில் ஏற்றுவதற்கான ஒரு படிவத்தையும் நீட்டினார். அங்கேயே நின்று நிரப்பத் தொடங்கினேன். முதல் கட்டம்: குடும்பப் பெயர். இரண்டாவது கட்டம்: முதற்பெயர்.

"சார், எனக்கு இனிஷியல்தான் இருக்கு. குடும்பப் பெயர்ல என்ன போடட்டும்?"

"எல்லாரும் இனிஷியலைத்தான் அதுல போடுறாங்க மேடம்."

என் பெயரை முழுதாக எழுதிவிட்டு, எழுத்தை அடுத்த கட்டத்தில் போட்டேன். அவர் வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, முத்திரை குத்தினார்.